முதல் நைட் கவசம்: 1250-ஆ, 1360-ஆ, 1450-ஆ?

இடைக்கால ஐரோப்பிய நைட் (குதிரைப் போர்வீரர்) ஒருவரின் கவசத் தொகுப்பைச் சேர்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் தலைக்கவசத்தில்தான் தொடங்குகிறார்கள். கண்ணைக் கவர்வது அதுதான். ஆனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது ஆண்டு. கவசத்தின் உறுப்புகள் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. 1480-ஐச் சேர்ந்த தோள்தகடு, அதே காலத்து மார்புத்தகட்டின் வளைவில் அமர்வதற்கென்றே வடிக்கப்பட்டது. அதை, இரும்பு வளையங்களைக் கோத்துப் பின்னிய 1250-ஐச் சேர்ந்த வளையச் சட்டையின்மேல் கட்டப் போனால் வாரை மாட்டவே இடம் கிடைக்காது. எப்படியோ மாட்டினாலும், கையைத் தூக்கும்போது தகட்டின் விளிம்பு கழுத்தில் இடிக்கும். ஆகவே, ஒரே நிலப்பரப்பு, ஐம்பது ஆண்டுக்குள் அடங்கும் காலம் என்ற வரம்பை முதலில் போட்டுக்கொள்ளுங்கள். வரலாற்று ஒழுங்கைக் காப்பாற்றுவதோடு, வாங்கியது உடம்பில் சரியாக உட்காருவதற்கும் அதுவே வழி.

நடைமுறையில் முன்னால் இருப்பவை மூன்று வழிகள். 1250 வாக்கிலான வளையக் கவசம், துணியின் உள்பக்கம் இரும்புத் தகடுகளை ரிவெட் அடித்த 1360 வாக்கிலான தகட்டுக் கோட்டு, 1450-க்குப் பிந்தைய முழுத் தகட்டுக் கவசம். முதல் தொகுப்புக்கு 1360-தான் சரியான தேர்வு. அதற்கான காரணங்களும், மற்ற இரண்டைத் தேர்வு செய்பவர்கள் எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதும் கீழே.

ஆண்டோடு சேர்த்து நோக்கத்தையும் முடிவு செய்யுங்கள். மேடைக்கும் படப்பிடிப்புக்கும் மட்டும் என்றால் 1 மி.மீ. தகடே போதும். வரலாற்று மறுநிகழ்வுகளில் நாள் முழுக்க அணிந்து நடப்பதற்கு 1.2 முதல் 1.6 மி.மீ. வரை வேண்டும். எஃகு ஆயுதத்தால் முழு வேகத்தில் அடித்துக்கொள்ளும் போட்டி என்றால் கணக்கே வேறு. 2010-ல் உக்ரைனின் ஹோட்டின் கோட்டையில் தொடங்கிய ‘பேட்டில் ஆஃப் த நேஷன்ஸ்’ போன்றவை இந்த வகை. அங்கே தலைக்கவசம் இன்னும் தடித்ததாக இருக்க வேண்டும். விரல், முழங்கை, முழங்கால், கழுத்து எல்லாவற்றையும் தகடு மூடியிருக்க வேண்டும். வளையச் சட்டை வெட்டைத் தடுக்கும், எலும்பு முறிவைத் தடுக்காது. எனவே அந்தப் போட்டிகளுக்கு 1250 தொகுப்பை நினைக்கவே வேண்டாம்.

உள்ளே போடுவதை முதலில் தையுங்கள்

எந்த ஆண்டைத் தேர்ந்தாலும் முதல் செலவு துணிக்குத்தான். இரும்பின் ஒவ்வொரு அளவும் உள்சட்டையின்மேல் எடுக்கப்படுவது. டி-ஷர்ட் போட்டுக்கொண்டு எடுத்த மார்பளவைக் கொடுத்து மார்புத்தகடு வாங்கியவர்களுக்கு, உள்சட்டை வந்த பிறகு பக்கத்து பக்கிள்கள் எட்டாது. சரிசெய்ய நீள வார் போடுவார்கள். தகடுகளுக்கு நடுவே விலாவில் நாலு விரல் இடைவெளி விழும். அங்கேதான் அடி விழும்.

மூன்று காலத்துக்கும் மூன்று விதமான உள்சட்டை. 1250-க்கு வேண்டியது கேம்பசன் எனப்படும் தொடை வரை நீண்ட மெத்தைச் சட்டை. வெளியேயும் உள்ளேயும் லினன், நடுவில் பஞ்சு அல்லது பழைய துணி அடுக்குகள், மூன்று நான்கு சென்டிமீட்டர் இடைவெளியில் செங்குத்துத் தையல். இங்கே பலரும் வரிசையை மாற்றிச் செய்து கெடுக்கிறார்கள். வடிவத்தை வெட்டிவிட்டு மெத்தைத் தையல் போட்டால் துணி அகலத்தில் உள்வாங்கிவிடும், சட்டை பத்தாது. முதலில் பெரிய துண்டாகத் தையல் போட்டு, பிறகு அதிலிருந்து வடிவத்தை வெட்ட வேண்டும்.

1360-க்கு உள்சட்டை மெல்லியது, இடுப்பில் இறுக்கமானது. இதற்கு மிகச் சிறந்த மாதிரி பிரான்ஸின் லியோன் நகரத் துணி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1364-ல் ஓரே போரில் இறந்த பிரிட்டனிப் பிரபு ஷார்ல் த ப்ளுவாவுடையது என்று அறியப்படும் சட்டை அது. கைப்பொருத்து தோளோடு நிற்காமல் மார்பிலும் முதுகிலும் பெரிய வட்டமாக வெட்டப்பட்டிருக்கும். அதனால் கையை முழுதாகத் தூக்கினாலும் இடுப்பு மேலே இழுபடாது. இது அழகுக்காகச் செய்தது இல்லை. கால் கவசம் இடுப்பில் இந்தச் சட்டையிலிருந்துதான் தொங்குகிறது. சட்டை மேலே போனால் முழங்கால் கிண்ணமும் மேலே போகும். தையற்காரரிடம் கொடுக்கும்போது இந்த ஒரு வெட்டை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கவசத்துக்குள் அணிய என்று விற்கும், சாதாரணச் சட்டைக்கைப் பொருத்தோடு தைத்த ‘ஆர்மிங் ஜாக்கெட்’ எத்தனை மெத்தையாக இருந்தாலும் பயன் இல்லை.

1450-க்கு இன்னும் மெல்லியது. பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கையேடு ஒன்று விவரமாகவே சொல்கிறது. முரட்டுப் பருத்தித் துணியில் டப்ளட் என்னும் இறுக்கமான சட்டை, அதற்கு சாட்டின் உள்துணி, உள்துணி நிறையக் காற்றுத் துளைகள். அக்குளிலும் முழங்கை மடிப்பிலும் வளையத் துண்டுகள் தைத்திருக்க வேண்டும். கட்டுக் கயிறு வில்நாண் போலத் திரித்து, செருப்புத் தைப்பவரின் மெழுகு பூசியதாக இருக்க வேண்டும். முழங்காலைச் சுற்றி மெல்லிய கம்பளித் துண்டு, உரசாமல் இருக்க. இன்றும் இதில் மாற்ற ஒன்றுமே இல்லை. தகட்டுக் கவசத்துக்குள் தடித்த கேம்பசன் போடுவது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. தகடுகள் மூடாது, மூச்சு முட்டும், உடல் சூடு வெளியேற வழியே இருக்காது.

1250: வளையமே உடை

இந்த வழியில் உறுப்புகள் குறைவு. முழங்கால் வரை நீண்ட, கைமூடியும் தலைமூடியும் சேர்ந்த ஹாபர்க் என்னும் வளையச் சட்டை, வளையக் காலுறைகள், பெரிய பீப்பாய்த் தலைக்கவசம், சட்டைக்கு மேலே சர்கோட்டு என்னும் துணி அங்கி, மரக் கேடயம், வாள்வார். 1240களில் பாரிஸில் வரையப்பட்டு இப்போது நியூயார்க் மார்கன் நூலகத்தில் இருக்கும் சித்திர விவிலியத்தில் இந்தத் தொகுப்பை நைட்டுகள் எப்படி அணிந்தார்கள், கைமூடியை எப்படிக் கழற்றித் தொங்கவிட்டார்கள் என்பது வரை பார்க்கலாம்.

செலவின் பெரும்பகுதி சட்டைக்குப் போகும். முடிவும் அங்கேதான். வளையத்தின் வாய் வெறுமனே முட்டி நிற்கும் வகை மலிவு. ஆனால் அது தன் எடையாலேயே அக்குளிலும் தோளிலும் திறந்துகொள்ளும். மாதம் ஒரு முறை இடுக்கியோடு உட்கார வேண்டியிருக்கும். அலுமினிய வளையம் எடை குறைவு, ஆனால் துணியெல்லாம் சாம்பல் கறை படியும், மினுக்கும் பொய்யாகத் தெரியும். படப்பிடிப்பில் தூரக் காட்சிக்கு ஆகும். வாங்குவதென்றால் ஒவ்வொரு வளையமும் ரிவெட் அடித்ததாகவே வாங்குங்கள். ஒன்று நான்கைக் கோக்கும் பின்னல், உள்விட்டம் 8 அல்லது 9 மி.மீ. என்பது எடைக்கும் தோற்றத்துக்கும் ஒத்துப்போகும் அளவு. ஒரு வரிசை ரிவெட் வளையம், ஒரு வரிசை வாயே இல்லாத முழு வளையம் என்று மாற்றி மாற்றிப் பின்னியது பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குப் பொருந்தும். உலகச் சந்தையில் கிடைக்கும் ரிவெட் வளையச் சட்டைகளில் கணிசமானவை இந்தியாவில் செய்யப்படுபவைதான். டெஹ்ராடூன், மீரட் நகரங்கள் இந்த ஏற்றுமதித் தொழிலுக்குப் பெயர்பெற்றவை. எனவே நம் வாசகர்களுக்கு இந்தப் பகுதி மட்டும் எளிது.

வந்ததும் மூன்று சோதனை. ஒரு உள்ளங்கை அளவுப் பகுதியை எடுத்து ரிவெட் தலைகளைத் தடவிப் பாருங்கள். கூர்மையாக நிற்பவை சர்கோட்டையும் கேம்பசனையும் கிழிக்கும். அடுத்து, சட்டையை நேராகத் தொங்கவிட்டுப் பாருங்கள். பக்கவாட்டில் இழுத்தால் விரிந்து, விட்டால் சுருங்க வேண்டும். பின்னல் திசை மாறித் தைத்திருந்தால் விரியாது, உடம்போடு ஒட்டாமல் தகரம்போல நிற்கும். மூன்றாவது, இரு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள். மலிவுச் சட்டைகள் ‘T’ வடிவில் இரண்டு தட்டைத் துண்டுகளாகப் பின்னப்பட்டவை. அக்குளில் கூடுதல் துண்டு இருக்காது, சட்டை முழுவதும் மேலே ஏறும். அங்கே சதுரத் துண்டு ஒன்றைச் சேர்த்துப் பின்ன வேண்டும். வளையமும் ரிவெட்டும் அதே விற்பனையாளரிடமே கிலோ கணக்கில் வாங்கிக்கொள்ளலாம், வேறிடத்தில் வாங்கினால் விட்டம் ஒத்துவராது.

எடை பத்திலிருந்து பன்னிரண்டு கிலோ. எல்லாம் தோளில். இடுப்பில் வாரை இறுக்கிக் கட்டி, அதற்கு மேலே சட்டையை நாலைந்து சென்டிமீட்டர் தூக்கி மடியவிட்டால் பாதிக்கு அருகே பாரம் இடுப்புக்கு இறங்கும். இதைச் செய்யாதவர்கள் ஒரு மணி நேரத்தில் தோள்வலியோடு கழற்றிவிடுகிறார்கள். வளையக் காலுறை ஒரு ஜோடி தனி எடை, அதை இடுப்புப் பட்டையில் தொங்கவிட்டு முழங்காலுக்குக் கீழே ஒரு வாரால் கட்ட வேண்டும், இல்லையேல் எல்லாம் கணுக்காலில் குவியும்.

பீப்பாய்த் தலைக்கவசத்தின் அளவை மெத்தைத் தொப்பியும் வளையத் தலைமூடியும் போட்ட பிறகே எடுங்கள். பாரம் உச்சந்தலையில் உட்கார வேண்டும், மூக்கும் தாடையும் தகட்டைத் தொடக் கூடாது. கண் பிளவு எட்டிலிருந்து பத்து மி.மீ., பார்வை குறுகலானது, கீழே தரை தெரியாது. கேடயத்துக்கு நாலு மி.மீ. ஒட்டுப்பலகை இரண்டை வளைவுச் சட்டத்தில் வைத்துப் பசையோடு இறுக்கிக் காயவிட்டு, இரு பக்கமும் லினன் ஒட்டினால் போதும். அன்றைய கேடயங்களும் அப்படித்தான். இங்கிலாந்தின் கான்டர்பரி பேராலயத்தில், ‘கறுப்பு இளவரசர்’ எனப்பட்ட ஆங்கில இளவரசர் எட்வர்டின் கல்லறைமேல் தொங்கிய கேடயம் மரத்தின்மேல் துணியும் தோலும் போர்த்தியது.

இந்த வழியின் சிறப்பு, அளவு சற்றுப் பிசகினாலும் பொறுத்துக்கொள்ளும். உடம்பு நாலு கிலோ கூடினாலும் குறைந்தாலும் பிரச்சினை இல்லை. குறை, அடி தாங்காது, தோளை அழுத்தும், துரு பிடித்தால் முப்பதாயிரத்துக்கு நெருங்கிய வளையங்களையும் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு வாளியில் மணலும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்து உருட்டுவதே இன்றும் நல்ல வழி.

1360: தகட்டுக் கோட்டு

1361 ஜூலை 27 அன்று, பால்டிக் கடலில் உள்ள கோட்லாண்ட் தீவின் விஸ்பி நகர மதிலுக்கு வெளியே, டென்மார்க் மன்னர் நான்காம் வால்டெமாரின் படை தீவின் விவசாயிகளைக் கொன்று குவித்தது. கோடை வெயிலில் பிணங்களைக் கவசத்தோடே கூட்டுக் குழிகளில் புதைத்தார்கள். 1905 முதல் நடந்த அகழாய்வுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளும், இருபதுக்கும் மேற்பட்ட தகட்டுக் கோட்டுகளும் கிடைத்தன. துணியும் தோலும் மக்கிப்போனாலும் தகடுகள் இருந்த இடத்திலேயே கிடந்தன, ரிவெட் துளைகளோடு. இடைக்காலக் கவசம் ஒன்றின் கட்டுமானம் இத்தனை தெளிவாக நம் கைக்குக் கிடைப்பது அரிது. 1360-ஐப் பரிந்துரைப்பதற்கு இது முதல் காரணம், ஊகிக்க வேண்டியது குறைவு.

ஒரு எச்சரிக்கை உண்டு. விஸ்பியில் இறந்தவர்கள் பலர் நைட்டுகள் அல்லர், அவர்கள் அணிந்தவை அன்றைக்கே பழைய பாணி. நைட் தொகுப்புக்கு அந்தக் கட்டுமானத்தை எடுத்துக்கொண்டு, மார்பில் பெரிய தகடுகளை வைத்து, மேலே நல்ல கம்பளி அல்லது வெல்வெட் போர்த்தி, நைட்டுக்குரிய பாஸினெட் தலைக்கவசமும் மணல்கடிகை வடிவக் கையுறையும் சேர்க்க வேண்டும். அந்தக் கையுறைக்கு மாதிரி கான்டர்பரியிலேயே இருக்கிறது, 1376-ல் இறந்த கறுப்பு இளவரசருடையது, பொன்முலாம் பூசிய செம்புக் கலவையில்.

கோட்டை நீங்களே செய்யலாம். 1.2 மி.மீ. மைல்ட் ஸ்டீல் தகடு, நடுத்தர உடம்புக்கு இருபத்தைந்திலிருந்து முப்பது துண்டு. முதலில் தடித்த அட்டையில் எல்லாத் துண்டையும் வெட்டி, உள்சட்டைமேல் டேப்பால் ஒட்டிக் குனிந்து, உட்கார்ந்து, திரும்பிப் பாருங்கள். அட்டையில் மூன்று முறை மாற்றுவதற்கு ஆகும் நேரத்தைவிட இரும்பில் ஒரு முறை மாற்றுவதற்கு ஆகும் நேரம் அதிகம். பக்கத்துத் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று 15 மி.மீ.யாவது ஏற வேண்டும். அதைவிடக் குறைந்தால் குனியும்போது பிளவு தெரியும். இருபத்தைந்து மி.மீ.யைத் தாண்டினால் வளையாது, எடையும் வீண். விளிம்புகளை அரத்தால் உருட்டி, மூலைகளை வட்டமாக்குங்கள். மூலை கூர்மையாக இருந்தால் ஒரே பருவத்தில் துணி கிழியும்.

தகடுகள் துணியின் உள்பக்கம், ரிவெட் தலை வெளியே. துணி ஒற்றையாக இருக்கக் கூடாது. வெளியே கம்பளி, அதன் பின்னால் தடித்த கான்வாஸ் அல்லது தோல். ஒற்றைத் துணியில் அடித்த ரிவெட் முதல் மோதலிலேயே பிய்த்துக்கொண்டு வரும். நாலு மி.மீ. திட இரும்பு ரிவெட், தோல் பக்கம் வாஷர், உருண்டைச் சுத்தியலால் அடித்து மடிப்பது. கடைகளில் கிடைக்கும் பாப் ரிவெட் உள்ளே குழலானது, வெட்டு விசையில் அறுந்து, மிஞ்சும் விளிம்பு உடம்பைக் குத்தும். அதை இந்த வேலையில் எங்குமே பயன்படுத்தாதீர்கள்.

கோட்டின் நீளத்தில்தான் பெரும்பாலான கைவேலைகள் தோற்கின்றன. உறுதியான தகடுகள் இயல்பான இடுப்போடு நிற்க வேண்டும். இயல்பான இடுப்பு என்பது பக்கவாட்டில் குனியும்போது உடம்பு மடியும் இடம், பேன்ட் கட்டும் இடம் இல்லை. அதற்குக் கீழே சிறு தகடுகள், வெளிநோக்கி விரிந்து. இடுப்பைத் தாண்டிய பெரிய தகடு, உட்காரும்போது தொடையில் முட்டி முழுக் கோட்டையும் மேலே தள்ளும், கோட்டின் மேல்விளிம்பு தொண்டையில் வந்து நிற்கும். இடுப்பில் நன்றாக இறுகினால் பாரம் இடுப்பெலும்பில் உட்காரும், தோளில் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. ஹாபர்க்கோடு ஒப்பிட்டால் இதுவே மிகப் பெரிய வித்தியாசம்.

கோட்டுக்கு அடியில், கை நீளம் குறைந்த வளையச் சட்டை ஒன்று இன்னும் தேவை. 1250 வழியில் தொடங்கி அலுத்தவர்கள் இங்கே வந்து சேரலாம், பழைய சட்டையின் கையையும் நீளத்தையும் குறைத்துக்கொண்டால் போதும். வெட்டிய வளையங்கள், தலைக்கவசத்திலிருந்து கழுத்தை மூடித் தொங்கும் வளையத் திரையான அவென்டெயிலுக்கு ஆகும்.

பாஸினெட் இந்தத் தொகுப்பின் உயிர். கூம்பிய உச்சி, கன்னத்தை மூடும் பக்கங்கள், விளிம்பில் சிறு கொக்கிகள், அவற்றில் தோல்பட்டையோடு கோத்துக் கட்டும் அவென்டெயில். உள்ளே தகட்டில் ஒட்டிய ஃபோம் வேண்டாம். லினன் மெத்தையை விளிம்புத் துளைகளில் தைத்து, உச்சியில் கயிற்றால் சுருக்கினால் தலைக்கும் இரும்புக்கும் நடுவே 15–20 மி.மீ. காற்றிடம் கிடைக்கும். அடியின் விசை அங்கேதான் அடங்குகிறது. வியர்வையும் காயும். தலையைச் சுற்றளவு மட்டும் பார்த்து வாங்காதீர்கள். நெற்றியிலிருந்து பின்மண்டை, காதிலிருந்து காது, இரண்டையும் தனித்தனியே அளந்து அனுப்புங்கள். நீள்வட்டத் தலைக்கு வட்டத் தலைக்கவசம் வந்தால் மெத்தையை எத்தனை மாற்றினாலும் சுழலும், முகமூடியின் கண் பிளவு கன்னத்துக்குப் போய்விடும். தாடைவார் கட்டாயம்.

முகமூடி இரண்டு விதம். நெற்றியில் ஒற்றைக் கீலோடு தூக்குவது ஜெர்மானிய நிலங்களில் பரவலானது, பொருத்துவது எளிது. இரு பக்கமும் சுழல் ஆணியில் திரும்புவது சற்றுப் பிந்தையது, ஆணித் துளைகள் இரண்டும் ஒரே உயரத்தில் இல்லையென்றால் சிக்கிக்கொள்ளும். ஆணியைச் சுலபமாக உருவிக் கழற்றும்படி வாங்குங்கள். வெயிலில் முகமூடியை முழுதாகக் கழற்றிவிட்டு நிற்பது பெரிய ஆறுதல்.

கைக்கும் காலுக்கும் இந்தக் காலத்தில் தோல்மேல் செங்குத்து இரும்புப் பட்டைகள் ரிவெட் அடித்த கவசம் ஏற்புடையது. இது கிடைத்த வரம் என்றே சொல்லலாம். வாரை ஒரு துளை தள்ளினால் அளவு மாறும். பட்டைகள் 25 மி.மீ. அகலம், தோல் மூன்றரை மி.மீ., தாவரப் பதனிட்டது. குரோம் பதனிட்ட மெத்தென்ற தோல் நீண்டுகொண்டே போகும். இரண்டு மாதத்தில் வார்கள் கடைசித் துளைக்கு வந்துவிடும். ஈரோடு, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் உள்ளவர்களுக்கு நல்ல தாவரப் பதனீட்டுத் தோல் தேடி அலைய வேண்டியதில்லை. முழங்காலுக்கும் முழங்கைக்கும் கிண்ணம் மட்டும் வாங்கிவிடுங்கள். அதைக் கையால் குழிவாக அடிப்பது முதல் வேலையாக வேண்டாம்.

கையுறையில் உலோகத்தை மட்டும் கவனித்தால் போதாது. உள்ளே இருக்கும் தோல் கையுறை ஓராண்டுக்குள் தேயும். உலோகத்தோடு அதை ரிவெட் அடித்திருந்தால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். விரல் தகடுகளைத் தோல் நாடாக்களில் ரிவெட் அடித்து, அந்த நாடாக்களைக் கையுறையில் தைத்திருந்தால் கையுறையை மட்டும் மாற்றலாம். வாங்கும் முன் இதைக் கேளுங்கள்.

1450: முழுத் தகடு

பலரின் கனவு இதுவே, நியாயமான கனவு. மனிதர் செய்த பொருட்களில் இத்தனை நேர்த்தியாக உடம்பைப் படித்தது வேறு உண்டா என்று வியக்க வைப்பது. நல்ல களக் கவசம் இருபதிலிருந்து இருபத்தைந்து கிலோ, உடம்பு முழுக்கப் பரவியது. அணிந்துகொண்டு ஓடலாம், குதிரை ஏறலாம், படுத்து எழலாம். ஆனால் இவை எல்லாம் அளவெடுத்துச் செய்த கவசத்துக்குப் பொருந்தும். ‘மீடியம், லார்ஜ்’ என்று விற்கும் தொகுப்புக்குப் பொருந்தாது.

இரண்டு பாணிகள் உண்டு. மிலன் பாணி உருண்டை வடிவங்கள், சமச்சீரற்றது. இடது தோள்தகடும் இடது முழங்கைத் தகடும் பெரியவை, ஈட்டி வருவது அந்தப் பக்கம் என்பதால். கிளாஸ்கோவில் உள்ள ‘அவாந்த்’ கவசம் (சுமார் 1440) இதற்குக் கிட்டத்தட்ட முழுமையான சான்று. ஜெர்மானிய கோத்திக் பாணி சமச்சீரானது, வரிவரியாக நெளி, நீண்ட கூர்மை. ஆக்ஸ்பர்க் கைவினைஞர் லோரன்ட்ஸ் ஹெல்ம்ஷ்மிட் 1480களில் ஆஸ்திரியாவின் திரோல் பகுதியை ஆண்ட ஆர்ச்டியூக் சிகிஸ்முண்டுக்குச் செய்த கவசம் வியன்னாவில் இருக்கிறது. நெளிகள் மெல்லிய தகட்டுக்கு விறைப்பைத் தருகின்றன, ஆனால் அவற்றை நேராகவும் ஒரே ஆழத்திலும் அடிப்பதற்குத் தேர்ந்த கை வேண்டும். மலிவுக் கோத்திக்கில் அவை அச்சில் அழுத்திய தகரக் கோடுகளாகத் தெரியும். நடுத்தர விலையில் தேர்வதென்றால் மிலன் பாணியே நம்பகமானது, வடிவம் சரியாக இருந்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

எங்கே கெடும் என்றால், கெண்டைக்கால் கவசத்தில். அது தசையை இறுக மூட வேண்டும், தன் வடிவத்தாலேயே நிற்க வேண்டும். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு சுற்றளவு, அதோடு காலின் பக்கவாட்டு நிழல்வரைவு ஒன்று, இவற்றைக் கேட்காத பட்டறையிடம் வாங்காதீர்கள். தளர்ந்த கெண்டைக்கால் கவசம் பாதத்தின் மேல்பகுதியில் இறங்கி நிற்கும், நூறு அடி நடப்பதற்குள் தோல் உரியும். தொடைக் கவசம் இரண்டு சென்டிமீட்டர் கீழே தொங்கினால் முழங்கால் கிண்ணத்தின் மையம் மூட்டுக்குக் கீழே போய்விடும், காலை மடக்கும்போது பூட்டிக்கொள்ளும். இங்கே எடையின் கணக்கும் வேறு. 2011-ல் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கவச நகல்களை அணிந்தவர்களை ஓடுபொறியில் நடக்கவிட்டு அளந்தார்கள். நடப்பதற்கு ஆகும் ஆற்றல் இரு மடங்குக்கும் மேல் கூடியது. முதுகில் சுமக்கும் அதே எடையைவிடக் காலில் கட்டிய எடை அதிகம் களைக்க வைக்கிறது, ஒவ்வோர் அடிக்கும் அதைத் தூக்கி வீச வேண்டியிருப்பதால். மார்புத்தகடு மூச்சையும் ஆழமாக இழுக்க விடுவதில்லை. எனவே எடை குறைக்கக் காசு செலவழிப்பதாக இருந்தால் காலுக்குச் செலவழியுங்கள்.

அசல் கவசங்களில் தகட்டின் தடிமன் ஒரே சீராக இருந்ததில்லை. மார்பின் நடுவிலும் நெற்றியிலும் தடித்து, பக்கங்களில் மெலிந்திருக்கும். இன்றைய சுருள் தகட்டில் செய்தது எங்கும் ஒரே தடிமன், அதனால் அதே பாதுகாப்புக்கு எடை கூடும். இதை ஈடுகட்டத்தான் கடினப்படுத்திய ஸ்பிரிங் ஸ்டீல். அதில் 1.2 மி.மீ. தகடு, மைல்ட் ஸ்டீலில் 1.6 மி.மீ.க்கு மேலாகவே நெளிவைத் தாங்கும். ஆனால் பொருந்தாத இடத்தை வீட்டில் தட்டிச் சரிசெய்ய முடியாது. மைல்ட் ஸ்டீலில் முடியும். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது, கடலோர ஊர்களில் அது பெரிய விஷயம், ஆனால் வெளிறிய அதன் நிறத்தைப் பக்கத்தில் நிற்பவர் கண்டுபிடித்துவிடுவார்.

தகட்டுக் கவசம்தான் வேண்டும், காசு போதாது என்பவர்களுக்கு நேர்மையான இடைவழி ஒன்று உண்டு. சிறு தகடுகளைத் துணியின் உள்பக்கம் ரிவெட் அடித்த மேல்சட்டையான பிரிகன்டீன், சாலெட் தலைக்கவசம், தாடையை மூடும் பெவர், வளையக் கைகள். பிரிகன்டீனை வெல்வெட்டில் அணிந்த பிரபுக்களும் இருந்தார்கள். கால் கவசத்தையும் கையையும் பிற்பாடு அளவெடுத்துச் சேர்த்துக்கொண்டே போகலாம், ஆண்டு மாறாது.

வாங்கும் வரிசை

1360-ஐத் தேர்ந்தவர்களுக்கு: உள்சட்டை, அதோடு காலணி. பிறகு தலைக்கவசம், அதற்குத்தான் காத்திருப்பு அதிகம். அது வருவதற்குள் கோட்டைச் செய்துவிடலாம். பின் கையுறை, கால், கை, கடைசியில் மேல்துணியும் வாள்வாரும். ஒரே பட்டறையில் எல்லாவற்றையும் ஒருங்கே கேட்பதைவிட முதலில் கையுறையை மட்டும் வாங்கிப் பாருங்கள். அதன் ரிவெட்டும் விளிம்பும் அந்தப் பட்டறையைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடும். காசு எங்கே போக வேண்டும் என்றால் தலை, கை, முழங்கால். கோட்டிலும் பட்டைக் கவசத்திலும் உங்கள் உழைப்பே விலை.

எல்லாம் சேர்ந்ததும் வெளியே போகும் முன் வீட்டிலேயே அரை மணி நேரம் முழுதாக அணியுங்கள். கீழிருந்து மேலே: காலணி, கால், கோட்டு, கை, கையுறை, தலைக்கவசம். இரு முழங்கைகளையும் மார்புக்கு முன்னால் ஒன்றையொன்று தொட வையுங்கள், தொடவில்லை என்றால் மார்புத் தகடு அக்குளில் அகலம். மண்டியிட்டு எழுங்கள். மாடிப்படி ஏறுங்கள். மல்லாந்து படுத்து, யார் உதவியும் இல்லாமல் எழுந்திருங்கள். எங்கெல்லாம் சிவந்திருக்கிறது என்று கழற்றியதும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே துணி சேர்ப்பதைவிட வாரை மாற்றுவதே பெரும்பாலும் தீர்வு.

உடன் இருப்பவருக்குக் கழற்றும் வரிசையைச் சொல்லிக்கொடுங்கள். மயக்கம் வந்தால் முதலில் தாடைவாரும் தலைக்கவசமும், அடுத்து கோட்டின் பக்கிள்கள், பிறகுதான் மற்றவை. கோட்டு முதுகில் மூடும் வகை என்றால், விழுந்து கிடப்பவரைப் புரட்டாமல் திறக்க முடியாது. கோட்டைப் பக்கவாட்டில் மூடும்படி செய்வதற்கு அந்த ஒன்றே போதுமான காரணம்.